சீவு மிஷினின் ஏழாவது படி

எழுதுவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, அதுவும் கதை எழுத அல்ல, இயந்திரத்தைப் பற்றி எழுத என்று தெரிந்த மறுநாளே மாட்டுங்காவில் இருந்த கல்லூரியில் போய்ப் பெயர் கொடுத்தேன். மாலை வகுப்பு. பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, பார்த்த வரிசையில் எழுது, அலங்காரம் வேண்டாம். விரிவுரையாளர் முதல் நாள் சொன்னது இவ்வளவுதான். எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. வீட்டில் யாரும் எதையும் வரிசையாகச் சொன்னதே கிடையாது.

இரண்டாம் பருவத்தில் ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் மூன்று நாள் நின்று பார்க்க வேண்டும். அதை முன்பின் பார்த்திராத ஒருவன் படித்துவிட்டு ஓட்டும்படி செய்முறை எழுத வேண்டும். மூன்று பிரதி. ஒன்று தேர்வாளருக்கு, ஒன்று கல்லூரிக்கு, ஒன்று நம்மை உள்ளே விட்ட முதலாளிக்கு. அந்த மூன்றாவது பிரதி எதற்கு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தாராவியில் என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு தோல் பட்டறையில், கார்கானா என்பார்கள், சீவு மிஷின் ஓட்டினார். பதப்படுத்திய தோலின் உட்புறத்தைச் சீவி, முழுத் தோலையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் மிஷின் அது. கத்திகள் பதித்த ஓர் உருளை சுற்றும், எதிரே ரப்பர் உருளை. மாமா தோலை நடுவில் கொடுத்துக் காலால் மிதிப்பார். ஒரு நூல் கனம் பிசகினால் தோல் கிழியும்.

கார்கானா முதலாளி சேட்டிடம் அனுமதி கேட்கப் போனேன். வெளியாள் வாசலில் நின்றாலே விரட்டுகிற மனிதர். என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்து, "நிதானமாகப் பார், நன்றாக எழுது, எனக்கு ஒரு பிரதி கொடு" என்று இந்தியில் சொன்னார். நான் மகிழ்ந்து போனேன். மாமா மகிழவில்லை.

"டீ குடுத்தானா?"

"ஆமா மாமா."

"பதினோரு வருசமா எனக்குக் குடுத்ததில்ல. உன்ன யாருல அனுப்புனா?"

"காலேஜுதான் மாமா."

"காலேஜுக்குத் தோலு எதுக்கு?"

மூன்று நாளும் நின்றேன். மாமா பேசவே இல்லை. பக்கத்தில் தோல் அலசும் டிரம்மில் நின்றவர்கள்தான் பேசினார்கள். "மருமவன் எழுதுதான், மெதுவாத் தும்முங்கடே, அதையும் போட்டுருவான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் எல்லாவற்றையும் எழுதினேன். காலையில் சாணைக் கல்லால் கத்தியைத் தீட்டுவது. பட்டையை மாட்டுவது. இப்படி ஆறு படிகள். ஏழாவதாக, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, மிஷினின் பக்கவாட்டில் உள்ள சின்னச் சக்கரத்தின் மேல் போடுவது. பிறகு துண்டுக்குள் கையை விட்டுச் சற்று நேரம் நிற்பது. மூன்று நாளும் தவறாமல் செய்தார். ஆகவே அதுவும் ஒரு படி என்று எண்ணினேன்.

வகுப்பில் வாசித்தேன். "ஏழு: சக்கரத்தைத் துண்டால் மூடவும்."

விரிவுரையாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் கேட்டார்.

"துண்டு எதுக்கு?"

"தூசி படாம இருக்கத்தான், சார்."

"தோல் சீவுற எடத்துல, அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் தூசி படக்கூடாதா? துண்டுக்குக் கீழ என்ன பண்றான்னு எழுதாம, துண்டை எழுதிண்டு வந்திருக்கியே. அதைக் கண்டுபிடிச்சு எழுது. இல்லேன்னா இது பாஸாகாது."

வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. தாராவிவரை நடந்தே போய், வேலை முடிந்து வந்த மாமாவை வழியிலேயே பிடித்தேன்.

"எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே மாமா."

"உங்கிட்ட மட்டுமா மறச்சேன்? சேட்டோட மச்சினன் ஒரு ஆளக் கூட்டியாந்து வச்சிருக்கான். பாதிச் சம்பளத்துக்கு நிக்கேங்கான். தெனம் என் முதுகுக்குப் பின்னாலயே நிக்கான். அந்தச் சக்கரத்த எவ்வளவு திருப்பணும்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அதான் என் வேல. அத நீ எழுதிக் குடுத்துட்டா, நான் எதுக்குல?"

சேட்டு கொடுத்த டீ அப்போதுதான் எனக்குக் கசந்தது.

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் புத்தி சும்மா இருக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். தினமும் தீட்டினால் கத்தி தேயும். தேய்ந்தால் இரண்டு உருளைக்கும் நடுவே இடைவெளி கூடும். கூடியதைக் குறைக்கத்தான் சக்கரம். எவ்வளவு என்பதற்குச் சாணைக் கல் எத்தனை முறை ஓடியது என்பதே கணக்கு. என் குறிப்பேட்டைப் புரட்டினேன். கல் ஓடிய எண்ணிக்கையும், துண்டுக்குள் மாமாவின் முழங்கை அசைந்த எண்ணிக்கையும் நானே எழுதி வைத்திருந்தேன். மூன்று நாளும் பொருந்தியது.

இனி மாமாவின் வேலை என் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரம் கிங்ஸ் சர்க்கிளில் ஓர் ஓட்டலுக்குக் காப்பி குடிக்கப் போனவன், உள்மேசையில் விரிவுரையாளரும் சேட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். இடம் கிடைக்காமல் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களாக இருக்கலாம். அந்த ஓட்டலில் அது வழக்கம். ஆனால் சேட்டு பேச, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் காப்பி சொல்லாமலே வெளியே வந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மாலை ஏழாவது படியை இப்படி எழுதினேன்: "உருளைகளின் இடைவெளியைச் சரிசெய்யவும். இதை இயந்திரத்தில் வழக்கமாக வேலை செய்பவர் மட்டுமே செய்ய வேண்டும். மற்றவர் செய்தால் தோலும் கத்தியும் கெடும்." பொய் ஒன்றும் இல்லை. வகுப்பில் காட்டிய அச்சிட்ட கையேடுகளிலும் இதே மாதிரி வாக்கியங்கள் உண்டு. பெருமையோடு மாமாவிடம் தமிழில் சொன்னேன்.

அவர் பீடியை அணைத்தார். "இதுல என் பேரு இருக்கா?"

"இதுல யாரு பேரும் வராது மாமா."

"அப்ப மச்சினன் ஆளு ஒரு மாசம் நின்னா, அவனும் வழக்கமா நிக்கிறவன்தானே?"

மூன்று பருவம் படித்தவர்கள் எழுத்தில்கூட நான் இப்படி ஓட்டை கண்டதில்லை. "அனுபவம் இத்தனை வருசம் இருக்கணும்னு போடலாம். பத்துன்னு போடுதேன்" என்றேன்.

"பதினொண்ணுன்னு போடு. எனக்குப் பதினொண்ணு."

டைப் அடித்துக் கொண்டுவந்ததும் மாமா தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீ இங்கிலீசுல என்ன எழுதியிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த சந்தில் இருந்த தபால் குமாஸ்தாவிடம் போனார். நான் வெளியில் நின்றேன். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கோபம் வந்தது. சட்டைப்பையில் இருந்த கணக்கு நினைவுக்கு வந்ததும் கோபம் அடங்கிவிட்டது. திரும்பி வந்து தாளை நீட்டினார். "பதினொண்ணு இருக்கு. அவருகிட்ட ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன்."

விரிவுரையாளர் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடிட்டார்.

"பதினொண்ணு. எங்கேர்ந்து வந்தது இந்த நம்பர்?"

"பார்த்ததுலேர்ந்து, சார். பதினோரு வருஷம் நின்னவரைத்தான் பார்த்தேன். அதுக்குக் குறைஞ்சவர் செஞ்சு நான் பார்க்கலை."

என்ன சந்தேகப்பட்டாரோ, தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்ணுக்கு மேல் ஒன்று போட்டு, மூன்றாம் பிரதியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். "சேட்டுக்கு நானே குடுத்துக்கறேன்."

சேட்டு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மிஷினுக்கு மேலேயே மாட்டினார். கல்லூரித் தாள் அல்லவா. மச்சினன் கூட்டிவந்த ஆளுக்கு நாலு வருட அனுபவம்தானாம். தோல் கெட்டுவிடும் என்று பயந்து அவனை டிரம் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

மாமாவுக்கு அதிலும் நிம்மதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"அந்தத் தாள வேற எவனாவது மாத்தி எழுத முடியுமால?"

"முடியும் மாமா. வருசா வருசம் புதுசா ஆளுக வருவாங்க."

"அப்ப எவன் வாரான்னு பாத்துக்கிட்டு, நீ அந்தக் காலேஜிலயே கெட."

செம்பூரில் ஒரு தொழிற்சாலைக்குக் கையேடு எழுதும் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். அதை அவரிடம் அன்று சொல்லவில்லை.