கொழுப்பு சுரண்டும் கத்தி

ஆம்பூரில் பிளாஸ்டிக் குழாய் புதிதாக வந்த காலம். ஒரு தோல் தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தேன். அறுத்த முனையில் நின்ற பிசிறை எடுத்து, விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும். என் அரம் உடைந்துவிட்டது.

தொழிற்சாலை மேஸ்திரி ஒரு கத்தியை நீட்டினார். தோலில் கொழுப்பு சுரண்டுகிற கத்தி. மயிரும் சதையும் ஒட்டியிருந்தன. எனக்குக் குமட்டியது.

“குடிக்கிற தண்ணிங்க இது.”

“இன்னாப்பா பேஜார் பண்றே? நாமளா குடிக்கப் போறோம்? வேலை செய்றவங்கதானே!”

கத்தியைவிட அந்தப் பேச்சு நாறியது. கடைத்தெருவுக்குப் போய்ப் புது அரைவட்ட அரம் வாங்கி வந்து, உள்ளும் புறமும் வழவழப்பாக ராவினேன்.

மாலையில் குழாயைத் திறந்ததும் எல்லோருக்கும் முன்னால் கையேந்திக் குடித்தவர் மேஸ்திரிதான். “தண்ணி ஷோக்கா கீதுப்பா” என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எத்தனையோ சாக்கடை அடைப்பு எடுத்திருக்கிறேன். அன்றைக்குப்போல் எனக்குக் குமட்டியதே இல்லை.