ஓரமாக நிற்பவர்கள் கவனத்திற்கு

கழுத்தில் கேமரா தொங்கினால் போட்டோகிராபர்; அதே கழுத்தைக் கட்டிக்கொண்டு மூன்று வயதுக் குழந்தையும் தொங்கினால் அது நான். அடுப்பை அணைத்துவிட்டு விசேஷ வீட்டுக்குப் படம் எடுக்க ஓடுகிற சகோதரிகளே, இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். இந்தக் கதைக்கு முன்புவரை பிறந்தநாள், வளைகாப்பு என்று சின்னச் சின்ன விசேஷங்கள்தான் எனக்கு வரும். கல்யாணம் ஒன்றுகூட வந்ததில்லை. நீடாமங்கலத்து ரைஸ்மில்காரர்தான் முதல்முதலாக, "கடைக்குட்டிப் பையன் காதுகுத்தை எடுங்க. நல்லா வந்துச்சுன்னா தை மாசம் பொண்ணு கல்யாணமும் உங்களுக்குத்தான்" என்றார். காதுகுத்துக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்குத்தான் ஆரம்பித்தது எல்லாம்.

கண் குளிரப் பார்த்தது

கேமராவோடு வந்த லென்ஸைத் துடைப்பதற்காகக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கொல்லைப்புற வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். என் மகள் யாழினி அதை இரண்டு கையாலும் பத்திரமாக ஏந்திக்கொண்டு என் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்தாள். குழந்தைக்கு எவ்வளவு பொறுப்பு என்று நினைத்து முடிப்பதற்குள் 'ளொடுக்' என்றது. சேற்றைத் துழாவி எடுத்துப் பார்த்தால் உள்ளே வாய்க்கால் தண்ணீர் தளும்புகிறது. நான் போட்ட கத்தலில் அக்கம்பக்கமே கூடிவிட்டது. அவள் மட்டும் அசரவில்லை.

"கேமரா கண்ணுக்கு மீன் காட்டினேம்மா. நல்லா பாத்துச்சு!"

பிஸ்கட் டப்பாவிலிருந்து

புதிது வாங்க வழியில்லை. தஞ்சாவூரில் கேமரா ரிப்பேர் பார்க்கிற பாய் ஒருவர், பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என்னைவிட வயதில் மூத்தது. படிக்கல் மாதிரி கனம். ஒரு மூலையில் நின்றால் மண்டபம் முழுவதையும் வாரிக்கொள்ளும். ஆனால் தானாக ஃபோகஸ் தேடாது. வளையத்தை நாம்தான் கையால் திருகவேண்டும். "அடிக்கடி ரிப்பேர் ஆகுமா பாய்?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரிப்பேர் ஆக இதுல என்னம்மா இருக்கு? இதுக்கு மூளையே கிடையாது. அதை நீங்கதான் கொண்டுவரணும்."

நாலு முழம்

நான் கொண்டுபோன மூளை முதல் நாள் போதவில்லை. வளையத்தைத் திருகித் திருகிக் கோழியைத் தெளிவாக்குவதற்குள் கோழி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. வேலிதான் முள் முள்ளாகத் துல்லியமாக வருகிறது. போனில் பாயைக் கேட்டேன். "இரண்டு மீட்டர்ல வச்சுட்டு விட்டுடுங்கம்மா. கிட்டேயும் தூரமும் சேந்து தெளிவா வரும்" என்றார்.

இரண்டு மீட்டர் என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரரின் நாலு முழ வேட்டி ஏறக்குறைய அந்த அளவுதான். அதைக் கூடத்தில் நீளவாக்கில் விரித்து, இந்த முனையில் நான், அந்த முனையில் யாழினி என்று நாள் முழுக்கப் பழகினேன். மறக்காமலிருக்க வளையத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டும் வைத்தேன். மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புருஷன் வேட்டியைப் போட்டுத் தரையை அளக்குறியே, வீட்டை பிளாட் போட்டு விக்கப் போறியா?"

கிட்டே போன கதை

வைட் ஆங்கிளில் தள்ளி நின்றால் மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். ஒட்டிப் போகவேண்டும். காதுகுத்தன்று பையன் தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு அலறுகிறான். நான் ஒரு வேட்டி தூரத்தில் ஆரம்பித்து, அரை வேட்டி, கால் வேட்டி என்று நெருங்கிவிட்டேன். ஆசாரி தங்கக் கம்பியைப் பிடித்த கையை நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அடி வந்தீங்கன்னா உங்க காதையும் சேத்துக் குத்திடுவேன், பரவாயில்லையா?"

வைக்கோல்போர்

எந்த விசேஷமானாலும் ஒருவருக்குக் கோபம் வரும். இங்கே தாய்மாமனுக்கு. அவர் சீர்வரிசையோடு வந்தபோது தெருமுனைக்குப் போய் மேளத்தோடு யாரும் எதிர்கொள்ளவில்லையாம். கோபக்காரர்கள் சாப்பிடாமல் போகமாட்டார்கள். குரூப் போட்டோவில் ஓரமாகப் போய் நிற்பார்கள். பின்னால் ஆல்பம் பார்க்கிறவர்கள் "ஏன் மாமா ஓரத்துல நிக்கிறாரு?" என்று கேட்கவேண்டும், அதற்காக. அவரும் வலது கோடியில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினேன். இந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துவிடும். நடுவில் எல்லாரும் உள்ளபடி இருக்க, மாமா மட்டும் மழையில் சரிந்த வைக்கோல்போர் மாதிரி அகன்று கிடந்தார். ஓரத்தை வெட்டிவிடலாமா? தாய்மாமனை வெட்டின படத்தைக் கொடுத்துவிட்டு நான் நீடாமங்கலத்திலிருந்து உயிரோடு பஸ் ஏறமுடியுமா? கல்யாண ஆர்டர் போச்சு என்று முடிவுகட்டிக்கொண்டுதான் ஆல்பத்தை எடுத்துப் போனேன்.

மாமாவும் வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "யாரு இது?" என்றார்.

"நீங்கதாங்க. ஓரத்துல நின்னா இந்த லென்ஸ் இழுத்துடுங்க. நடுவுல நின்னா உள்ளபடி வருவீங்க."

மாமா ஆல்பத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ரைஸ்மில்காரர் மனைவி, அதாவது மாமாவின் தங்கை, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்கும் இந்தப் பொண்ணையே வரச் சொல்லுங்க. இருபது வருஷமா நான் கூப்பிட்டு நடுவுக்கு வராத மனுஷன், இந்த லென்ஸுக்காவது வரட்டும்!"

மேடை நடுவே

தை மாதத்துக்குள் அந்த வைக்கோல்போர் படம் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் சுற்றி வந்துவிட்டது. கல்யாண மேடையில் குரூப் போட்டோ என்றதும் இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் நடுவுக்குப் பாய்ந்தார்கள். எல்லாருக்கும் முந்தி மாமா, மாப்பிள்ளை தோளில் கை போட்டபடி. "கொஞ்சம் பரவலா நில்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், ஒருவரும் அசையவில்லை. சிவப்புப் பொட்டு சரியாக இருக்கிறது, வேட்டி தூரம் சரியாக இருக்கிறது, பெண்ணைத்தான் காணோம். மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"மாமா, கொஞ்சம் நகருங்க, இது என் கல்யாணம்!"

அத்தனை அகலமான லென்ஸை வைத்துக்கொண்டு நான் எடுத்ததிலேயே மிகவும் ஒடுக்கமான படம் அதுதான்.