கேட் வரைக்கும் போனவர்

பூஞ்சேரி தாவீது வேலையிலிருந்து நின்றதும் செய்த முதல் காரியம் கோபப்பட ஆரம்பித்ததுதான். வண்டி ஓட்டிய காலத்தில் அந்த வசதி இல்லை. மாமல்லபுரம் ஸ்டாண்டில் டூரிஸ்ட் வேன் டிரைவர் முகம் சுளித்தால் பார்ட்டி அடுத்த வண்டிக்குப் போய்விடும். அத்தனை வருடமும் அடக்கி வைத்ததை இப்போது வீட்டாருக்கு வட்டியோடு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். இவர் அடுத்தவர் வேனை ஓட்டினார். முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. முதுமலை, பந்திப்பூர், தேக்கடி என்று எல்லாக் காட்டுக்கும் போயிருக்கிறார். ஒன்றையும் பார்த்ததில்லை. வாசலில் பார்ட்டி இறங்கி சஃபாரி வண்டியில் ஏறும். டிரைவர் வெளியே வண்டிக்குக் காவல், ஏனென்றால் குரங்குகளுக்கு வைப்பர் ரப்பர் என்றால் உயிர். டிரைவருக்கும் ஒரு டிக்கெட் எடுக்கலாம் என்று எந்தப் பார்ட்டிக்கும் தோன்றியதில்லை. தனக்குத் தானே ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று இவருக்கும் தோன்றியதில்லை. பக்கத்தில் இருக்கிற வேடந்தாங்கலிலும் இதே கதை.

சாவதற்குள் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். இதை அவர் ஒருநாளும் ஆசையாகச் சொன்னதில்லை, குற்றச்சாட்டாகத்தான் சொல்வார். கேட்டுக் கேட்டுச் சலித்த மகன் சாம், சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்ப்பவன், டிசம்பர் லீவில் காரை எடுத்தான். முதலில் முதுமலை, அப்படியே பந்திப்பூர், நாகர்ஹொளே. முன் சீட்டில் அவன் மனைவி ஜெஸ்ஸி.

"மாமா, போற வழியில வேடந்தாங்கலும் பாத்துட்டுப் போலாமா?" என்றாள் அவள்.

"கொக்கு பாக்கவா இத்தினி நாளு உசுர வச்சிகினு கீறேன்? அது நம்ம ஏரியிலயே நிக்கிது."

பின் சீட்டில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பொறுமை தீர்ந்தது.

"டேய், கிளட்ச்சு மேலருந்து கால எட்றா. கால் வெக்கிற ஸ்டூலுன்னு நெனச்சிகினியா?"

"நைனா, இது ஆட்டோமேட்டிக். கிளட்சே கெடையாது."

"இல்லாத கிளட்ச இன்னாத்துக்கு மிதிக்கிற?"

அச்சரப்பாக்கத்துக்கு முன்னால், டோல்கேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழி ஒன்று தனக்குத் தெரியும் என்றார். போனில் வழி சொன்ன பெண்குரல் வேண்டாம் என்றது. "அவ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த ரோட்ல ஓட்டினவன்டா நானு" என்று அதையும் ஒரு பிடி பிடித்தார். வழி வயலில் இறங்கி, ஒரு மதில்சுவரில் போய் முடிந்தது. சுவருக்குப் பின்னால் மனைப்பிரிவுக் கொடிகள் பறந்தன.

"பிளாட் போட்டு செவுரு கட்டிட்டானுங்க நைனா."

"என்ன கேக்காம எப்பட்றா கட்டுவான்?"

சேலத்தில் இரவு தங்கி, மறுநாள் மாலை முதுமலை. சாம் மூன்று டிக்கெட் வாங்கினான். ஜெஸ்ஸி ஏறினாள், சாம் ஏறினான். தாவீது சஃபாரி வண்டியின் படியில் ஒரு கால் வைத்தார். அப்போது பார்க்கிங் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருப்பா அந்த வெள்ளக் கார் டிரைவரு? வண்டிய எடுத்து ஓரமா போடு!"

சாம் திரும்பி அப்பாவைப் பார்த்தான். தாவீது காலை இறக்கி, கையை நீட்டினார். சாம் சாவியைக் கொடுத்தான். ஒருவரும் ஒன்றும் யோசிக்கவில்லை. அவர் காரை நகர்த்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது சஃபாரி வண்டி மூங்கிலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சாம் கத்துவது கேட்டது. வண்டி நிற்கவில்லை.

அங்கே நின்ற டிரைவர்கள் இடம் ஒதுக்கி டீ வாங்கிக் கொடுத்தார்கள். "எந்த ஊரு பார்ட்டிண்ணே?" என்றான் ஒருவன்.

"மெட்ராஸ் பார்ட்டி" என்றார் தாவீது. சொன்ன பிறகுதான் உறைத்தது. டீயைக் கீழே ஊற்றினார்.

வண்டி திரும்பியது. "மாமா, யானை..." என்று ஆரம்பித்த ஜெஸ்ஸி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாம் குதித்து இறங்கினான்.

"எவனோ டிரைவருன்னு கூப்ட்டா நீ ஏன் நைனா போற? நீ பாசஞ்சர்!"

"வண்டி யாருதுடா?"

"என்துதான்."

"ஓட்டிகினு வந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப டிரைவருன்னு கூப்ட்டா நீதான போவணும்? நீ ஏன்டா என்ன பாத்த?"

படித்த பிள்ளை. சாவியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டான். அன்று விடுதியில் மூவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

காலையில் சாம் இரண்டு டிக்கெட்டோடு வந்தான். "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வண்டிகிட்ட இருக்கேன்." தாவீது 'வாணாம்' என்று மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. மகனை வெயிலில் நிற்கவிட்டு ஏறினார்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் டிரைவர் இன்ஜினை அணைத்தார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெண் யானை புல்லைப் பிடுங்கி, முன்காலில் அடித்து மண்ணை உதறிக்கொண்டிருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். தாவீதுக்கு முகம் சிவந்தது.

"டிக்கெட் குட்த்தா உள்ள வுட்றான். அவ்ளோதானாம்மா?" என்றார் உரக்க. "அப்ப இத்தினி வருசமா எவன் என்ன வெளிய நிக்க வச்சான்? சொல்லு, எவன்?"

டிரைவர் திரும்பி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். தாவீது வாயை மூடினார். கோபத்தை மூடவில்லை. யானை தின்று முடித்து மரங்களுக்குள் போகும்வரை அதை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.