டிரையர் ராமையா அண்ணன் சுட்ட முட்டை டோஸ்ட்

செவ்வாய்க்கிழமை காலையில் மஞ்சூர் பஸ் எங்கள் ஸ்டாப்பில் வந்து நின்றதும் கண்டக்டர் கீழே இறங்கி என்னை நோக்கி வந்தார். அவர் லேசில் இறங்குகிற மனிதர் இல்லை. மழையில் கிழவிகள் மூட்டையோடு ஏறினால்கூடப் படியில் நின்றபடி விசில்தான் அடிப்பார். அப்படிப்பட்டவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க பழனிச்சாமி மாமா, நம்ம ராமையா அண்ணன் தவறிட்டாருங்க. விடியக்காலம், தூக்கத்துலயே."

பஸ்ஸுக்குள் எழுபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருத்தர்கூட நேரமாச்சு, வண்டியை எடுங்க என்று சத்தம் போடவில்லை. இந்த ரூட்டில் பஸ் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை என்று அடித்துச் சொல்லுவேன். பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ராமையா அண்ணன் கடையில் முட்டை டோஸ்ட் தின்பதற்காகவே வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள்.

பதினாறாம் நாள் காரியத்தில் படித்துக் காட்ட ஒரு கட்டுரை வேண்டும் என்று பழைய டீ பேக்டரிக்காரர்கள் கூடிப் பேசியபோது, எழுதத் தகுந்த ஆள் என்று எல்லோரும் என்னைத்தான் கை காட்டினார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் அந்த எட்டாவதை இரண்டு முறை படித்தவன் என்பதால் பத்தாவதுக்குச் சமம் என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில். வாலிப வயதில் அங்கே துரை பங்களா சமையலறையில் எடுபிடி வேலைக்கு நின்றிருக்கிறார். அந்தத் துரைக்குக் காலையில் வேறெதுவும் இறங்காதாம். முட்டையும் சீஸும் வைத்துச் சுட்ட ரொட்டிதான் வேண்டுமாம். அதை அண்ணன் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டார். இரண்டு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்தோடு கப்பலேறி இந்தியா வந்தபோது மற்றவர்கள் பாத்திரம் பண்டம் எடுத்து வர, இவர் அந்தக் கைப்பக்குவத்தை மட்டும் எடுத்து வந்தார். அதற்குச் சுங்கச் சாவடியில் யாரும் வரி கேட்கவில்லை.

இங்கே வந்து எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், குந்தா பவர் ஹவுஸ் பக்கம் மண் சுமந்தார், கடைசியில் எங்கள் டீ பேக்டரியில் டிரையருக்கு வந்து சேர்ந்தார். டிரையர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கீழே பெரிய விறகடுப்பு எரியும். அந்தச் சூட்டில் காற்றைச் சூடேற்றி, காற்றுப் பெட்டி என்கிற ஒரு இரும்புப் பெட்டி வழியாக மேலே அனுப்புவார்கள். அந்தக் காற்று பட்டுத்தான் தேயிலை காய்ந்து கறுத்து டீத்தூளாகும். நான் பக்கத்து அறையில் இலையை முறுக்குகிற ரோலர் மெஷினில் இருந்தேன். பேக்டரியில் முக்கியமான வேலை என்னுடையதுதான். ஆனால் அண்ணன் இல்லாவிட்டால் நான் முறுக்கியதெல்லாம் பச்சைக் குப்பை. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கடைசிவரை பிரெட் என்று சொல்லவே மாட்டார். பாண் என்பார்.

"பாண் ஒரு விரல் கனம் இருக்கணும் தம்பி. மெலிசா வெட்டுனா முட்டை ஒழுகிரும், விளங்குதா?"

டம்ளரின் அடிப்பாகத்தால் பாணின் நடுவில் அழுத்திக் குழியாக்குவார். ஓரமெல்லாம் வெண்ணெய். குழிக்குள் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவார். மஞ்சள் கருவைத் தொடாமல் சுற்றிலும் சீஸைத் துருவி வேலி போடுவார். மேலே உப்பு, இடித்த மிளகு. அப்படியே தகரத் தட்டில் வைத்து, டிரையர் அடுப்பின் சாம்பல் கதவுக்குள் தள்ளிவிடுவார். ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்தான். வெளியே எடுக்கும்போது சீஸ் பொரிந்து பொன்னிறமாக, நடுவில் மஞ்சள் கரு மட்டும் குலுங்கிக்கொண்டிருக்கும்.

"குலுங்கணும். கல்லாயிட்டா அது முட்டை இல்ல, பந்து" என்பார்.

சீஸ் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். குன்னூரில் வீட்டிலேயே சீஸ் செய்து விற்கிற ஒரு வயதான அம்மா இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போய் அவர் வீட்டுப் புகைக்கூண்டைச் சுத்தம் செய்து கொடுப்பார். உடைந்த துண்டு, ஓரத் துண்டெல்லாம் அந்த அம்மா துணியில் கட்டிக் கொடுப்பார். அந்த வாசத்துக்கு ஒருநாள் காட்டெருமை ஒன்று பேக்டரி ஜன்னலோரம் வந்து மூக்கை நீட்டியது. மூன்று என்றுதான் நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஒன்றாகவும் இருக்கலாம்.

தேயிலைக்கு விலை விழுந்த காலம் வந்தது. அதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பச்சை இலை விற்கிற காசு பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. கேத்திப் பக்கம் சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். எங்கள் பேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. காலையில் வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெறும் டீயைக் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். அது தெரிந்துதான் அண்ணன் ஒரு தட்டு சுட்டவர் நாலு தட்டு சுட ஆரம்பித்தார். யாரும் கேட்டு அவர் கொடுத்ததில்லை. "இந்தா, உப்பு சரியா இருக்கான்னு பாரு" என்று கையில் வைப்பார். முப்பது பேருக்கும் தினமும் உப்புப் பார்க்கிற வேலை இருந்தது.

அந்த நேரத்தில்தான் கொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வியாபாரி சாம்பிள் கேட்டார். அவருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார், பேக்டரி ஆறு நாளும் ஓடும். பிடிக்காவிட்டால் மூடிவிடுவேன் என்று முதலாளி எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நல்ல கொழுந்தாகப் பார்த்து வாங்கினார்கள். நான் முறுக்கிய முறுக்கில் அந்த இலை சுருண்டு மீன்முள் மாதிரி நின்றது.

இனி எழுதப்போகும் விஷயத்தை பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண வீடுகளிலும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் ஒரு இடத்தில் மாற்றித்தான் சொன்னேன். இங்கே மாற்றவில்லை.

அந்தச் சாம்பிளை டிரையரில் காய வைத்த அன்றைக்கு அடைமழை. விறகு நனைந்து, சாம்பல் கதவுப் பக்கம் சூடே இல்லை; இருந்த சூட்டையெல்லாம் காற்றுப் பெட்டியே இழுத்துக்கொண்டது. தட்டு உள்ளே போய் அரை மணி நேரமாகியும் முட்டை வெள்ளைகூட இறுகவில்லை. எனக்குப் பசி.

"அண்ணா, காத்துப் பெட்டிக்குள்ள வைங்க. ரெண்டே நிமிசத்துல வெந்துரும்" என்றேன்.

"வேணாம் தம்பி. தேயிலை பச்சப்புள்ள மாதிரி. பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாசத்தைப் பிடிச்சுக்கும்."

"ரெண்டு நிமிசத்துல என்னத்தைப் பிடிக்கப்போகுது."

"உனக்குப் பசிக்குது, அதான் பேசுறே. இரு, காஞ்ச கட்டை கொண்டாறேன்."

அவர் கட்டை எடுக்க வெளியே போனார். காற்றுப் பெட்டியைத் துடைப்பதற்காக ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து தட்டை உள்ளே வைத்தவன் நான். வைத்ததோடு விடாமல், சாம்பிள் இலையைப் பார்க்க வந்த இரண்டு பேரிடம் என் ரோலர் பெருமையைப் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வரும்போது சீஸ் பொங்கி வழிந்து, பெட்டிக்குள் சொட்டி, காய்ந்த வெண்ணெய் வாசம் பேக்டரி முழுக்க நின்றது. அண்ணன் பெட்டிக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி சுரண்டத் தொடங்கினார். அதற்குள் சாம்பிள் தேயிலை காய்ந்து முடிந்திருந்தது.

பத்து நாளில், வேண்டாம் என்று எழுதிய கடிதத்தோடு சாம்பிளும் திரும்பி வந்தது. முதலாளி எல்லோரையும் டீ ருசி பார்க்கிற அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளைக் கோப்பையில் அந்த டீயை ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி, துப்பினார். மறுபடி உறிஞ்சினார். துப்பவில்லை.

"இது டீயா, பேக்கரியா? யாருடா என் தேயிலைக்கு வெண்ணெய் தடவுனது?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நாக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒட்டியதே இல்லை.

"நான்தாங்க" என்றார் அண்ணன். "டிரையரு என் பொறுப்பு. காத்துப் பெட்டிக்குள்ள பாண் சுட்டது."

"பாணுன்னா?"

"ரொட்டிங்க. முட்டையும் சீஸும் வச்சு."

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். "என் பொழப்பையே கெடுத்த அந்தச் சாமான் எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும். சுட்டுக் கொண்டா" என்றார்.

அண்ணன் போய்ச் சுட்டுக்கொண்டு வந்தார். முதலாளி நின்றபடியே ஒன்று தின்றார். உட்கார்ந்து இன்னொன்று தின்றார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, "நாளையிலிருந்து நீ டிரையர் பக்கம் வராதே ராமையா" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "மிளகு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான், அண்ணனுக்கு வேலை போயிற்று. நான் மறுநாள் வழக்கம்போல ரோலரை ஓட்டினேன். திரும்பி வந்த அந்தத் தேயிலையை முதலாளி எங்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்கு லைன் வீடுகளில் டோஸ்ட் வாசம் அடிக்கிற டீயைத்தான் குடித்தோம். சிலர் ரொட்டியே இல்லாமல் டிபன் முடிந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே அண்ணன் மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டி போட்டார். எண்ணெய் டின்னை வெட்டிக் கரியடுப்பின் மேல் கவிழ்த்ததுதான் அவருடைய ஓவன். முதல் வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பவர் ஹவுஸ் ஷிப்ட்காரர்கள் வந்தார்கள், டிரைவர்கள் வந்தார்கள், கேரட் லாரிக்காரர்கள் வந்தார்கள். பேக்டரி அந்த வருசமே பூட்டப்பட்டது. எங்களில் பலர் திருப்பூருக்குப் போனோம், சிலர் பிழைப்புக் கிடைக்காமல் திரும்பினோம். திரும்பிய யாரும் அந்த வண்டியைத் தாண்டி வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனதில்லை. "உப்பு சரியா இருக்கான்னு பாரு" என்பது நிற்கவே இல்லை. முதலாளியும் கார் கண்ணாடியை இறக்கி வாங்குவார். அவருக்கு அண்ணன் மிளகு கூடவே போடுவார்.

இருபது வருசம் நான் அந்த வண்டிப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் தட்டை மறந்து உள்ளே வைத்த கதையை ஊருக்கே சொன்னேன். கூட்டம் சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார். ஒருநாள்கூட என்னைத் திருத்தவில்லை. அவர் சிரிக்கிறதைப் பார்த்து, அவருக்கே மறந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்லம்மா அண்ணி முற்றத்தில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒரு விசயம் சொல்லணும். அன்னைக்கு அந்தத் தட்டு..."

"நீங்க வச்சது" என்றார் அண்ணி, மிளகிலிருந்து கையை எடுக்காமல்.

"எப்படித் தெரியும்?"

"வேலை போன அன்னைக்குச் சாயங்காலமே அவரு சொல்லிட்டாரு. நீங்க பெஞ்சுல உக்காந்து கதை சொல்றப்பல்லாம், இன்னைக்காச்சும் சரியாச் சொல்வாரான்னு நானும் காதைக் குடுத்துக்கிட்டேதான் வண்டிக்குப் பின்னாடி நின்னு பாண் வெட்டுவேன். ஒவ்வொரு தடவையும் காட்டெருமைதான் கூடிக்கிட்டே போச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"ஏன் அண்ணி அவரு முதலாளிகிட்டச் சொல்லல?"

"அப்ப உங்க வூட்டுக்காரம்மா நிறைமாசமா இருந்தாங்கல்ல. நானும் இதையேதான் கேட்டேன், சண்டையும் போட்டேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? எனக்குப் பாண் சுடத் தெரியும், எங்க போனாலும் நாலு பேரு வந்து நிப்பாங்க. பழனிக்குப் பேச மட்டுந்தான் தெரியும், அதுக்கு யாரு வேலை குடுப்பான்னாரு."

சொல்லிவிட்டு அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்று நாளாக அழுத முகம் அது. நானும் சிரித்தேன். உள்ளேயிருந்து அவர்கள் மகள் எட்டிப் பார்த்து, "துக்க வூட்டுல என்ன சிரிப்பு" என்று அதட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் எங்களோடு உட்கார்ந்து சிரித்தாள். பதினேழாம் நாள் காலையில் அவள்தான் வண்டியைத் திறக்கிறாள்.

இதைப் படித்துக் காட்டும்போது முதலாளியும் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் சபையறியச் சொல்லிக்கொள்கிறேன். முதலாளி அவர்களே, உங்கள் தேயிலையைக் கெடுத்தது ராமையா அண்ணன் இல்லை. ரோலர் பழனிச்சாமி. பேக்டரி இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது, ரோலரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டீர்கள். ஆனாலும் என்னை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று தோன்றினால் இன்றைக்கே நீக்கிக்கொள்ளலாம். மறுபேச்சுப் பேச மாட்டேன்.

அண்ணா, நல்லபடியாகப் போய் வாருங்கள். உங்கள் பேரில் கிடந்த அந்த ஒரு குற்றத்தை, இத்தனை பேர் காது கேட்க, என் பேருக்கு மாற்றிக்கொண்டேன்.