ஒன்றரை சென்டிமீட்டர்

இடது கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கால் வீங்கியபோது, மருத்துவமனை தந்த ஆங்கிலத் தாள்களைப் படிக்க எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. நோயாளியும் நானே. படுத்துக்கொண்டே ஸ்கேன் அறிக்கையை அம்மாவுக்குத் தமிழில் விளக்கினேன். அந்த வலியிலும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அம்மா கேரளத்தில், வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். என்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கும் என் வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இறுக்கமான காலுறை, நடை. இவை மருத்துவர் சொன்னவை. நானாகச் சேர்த்துக்கொண்டது ஓர் இன்ச் டேப். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, தினமும் எழுந்ததும் அளந்து லேப்டாப்பில் ஏற்றுவேன். முதலில் இடது கால் நான்கு சென்டிமீட்டர் அதிகம். பிறகு வரைபடத்தில் கோடு மெல்ல இறங்கியது. அதிகம் உட்கார்ந்திருந்த நாளுக்கு மறுநாள் ஏன் இறங்க மறுக்கிறது என்று யோசிப்பது அலுவலக வேலையைவிடச் சுவாரசியமாக இருந்தது.

இரண்டும் சமமான பிறகுதான் அலுவலகத்துக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன். வீங்கிய காலோடு போய் யாருடைய பரிதாபத்தையும் வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆறாவது வாரம் கோடு ஒன்றரையில் நின்றுவிட்டது. பத்து நாளாக அசையவில்லை. திங்கட்கிழமை வர முடியுமா என்று மேலாளர் கேட்டுவிட்டார்.

"ஏட்டி, தெனமும் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க மாதிரி என்னதான் பாக்க?" என்றாள் அம்மா.

"ரெண்டு காலும் ஒண்ணு போல ஆகணும்லாம்மா."

"எல்லாருக்கும் ஒண்ணு போலயா இருக்கு?"

"உன் காலை நீட்டு."

"எனக்கென்ன கேடு? போட்டி அங்கிட்டு."

நீட்டினாள். வலது முப்பத்து நான்கு, இடது முப்பத்திரண்டு. மூன்று முறை அளந்தேன்.

"சரிவுல பறிக்கும்போது எந்தக் கால ஊணி நிப்ப?"

"அதெல்லாம் யாரு பாக்கா!"

ஆனாலும் எழுந்து நின்று, இல்லாத செடியில் பறிக்கத் தொடங்கினாள். விரல்கள் வேகமெடுத்தன. வலது முழங்கால் தானாக மடங்கி, உடம்பின் பாரம் அதில் இறங்கியது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

"ஆத்தாடி, இந்தக் கால்லதான் நிக்கேன்!" என்று சிரித்தாள்.

காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கணக்கின் ஓட்டை தெரிந்துவிட்டது. நோய்க்கு முன்பு என் கால்கள் சமமாக இருந்தன என்று யார் சொன்னது? அளந்தவர் யார்?

சனிக்கிழமை மருத்துவரிடம் அதையே கேட்டேன். புதிய ஸ்கேனையும் என் வரைபடத்தையும் பார்த்தார். ரத்தக்கட்டி பெரும்பாலும் கரைந்துவிட்டது, வேலைக்குப் போகலாம், மணிக்கொருமுறை எழுந்து நட என்றார்.

"இந்த ஒன்றரை வீக்கமா, டாக்டர்?"

"ஆவாம். அல்லெங்கில் மோளோட காலே அப்படி ஆவாம். எனிக்கும் அறியில்ல" என்றார் மலையாளத்தில். இருக்கலாம், இல்லையென்றால் என் காலே அப்படி இருக்கலாம், அவருக்கும் தெரியாது. அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 'அறியில்ல'தான்.

திங்கட்கிழமை காலுறையோடு போனேன். பக்கத்து மேசைத் தோழி என் காலையே பார்த்து, "அய்யோ பாவம், இப்பவும் வீக்கம் உண்டோடி?" என்றாள்.

"ஒன்றரை சென்டிமீட்டர். உனக்கு ரெண்டும் சமமா?"

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி, தன் கால்களைக் குனிந்து பார்த்தாள்.