அண்ணன் வீட்டு எரு

ஓய்வு பெற்ற ஆண்களுக்கு இரண்டே கதிதான்: பக்தி முற்றும், இல்லையென்றால் மாடித்தோட்டம் போடுவார்கள். என் வீட்டுக்காரருக்குச் சாமியோடு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. தலத்தெருவில் எங்கள் மொட்டை மாடியில் கால் வைக்க இடமில்லாமல் தொட்டிகள் வந்தன. எரு மட்டும் அம்பகரத்தூரில் அவர் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து வரும்.

வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு வந்ததும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. "கடைக்காய் பூரா விஷம். எம்பொண்ணு வாயில மாடிக்காய்தான் போகணும்" என்று சட்டம் போட்டார். அவளும் தினம் கத்தரிக்காயும் அவரைக்காயுமாகச் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் போனது. தக்காளிக் கொழுந்தெல்லாம் முறுக்கிக்கொண்டு சுருண்டது, அவரையும் கோணியது. திருஷ்டியாம்! படிக்கட்டில் பூசணிக்காய் கட்டினார். இவர் தக்காளிமேல் கண்வைக்கத் தெருவில் யாருக்கய்யா நேரம் இருக்கிறது? எனக்கு எருமேல்தான் சந்தேகம். பஸ் ஏறி அம்பகரத்தூர் போனேன்.

அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வயல்ல களைக்கொல்லி அடிச்சோம்மா. அந்த வைக்கோலத்தான் மாடு திங்குது. சாணியிலயும் அது நிக்கும்போல. எங்க கொல்லைக்கு நாங்க அந்த எருவப் போடுறதில்ல, அவரை சுருண்டுடுது."

"அப்ப எங்களுக்கு ஏன் குடுத்தீங்க?"

"தம்பி ஆசையா கேட்டான். அண்ணங்காரன் இல்லேன்னா சொல்ல முடியும்?"

நல்ல பாசம்! எனக்குத் தெரிந்த வேளாண்மை அதிகாரி ஒருவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "செடிக்கு ஆவாதுங்க. மனுஷங்களுக்கு அந்த அளவுல பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றார். அந்தப் 'பெரும்பாலும்' பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னைக் குடைந்தது.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் முகம் வெளுத்துப்போனது.

"நான் சாப்பிட்டது புள்ளைய ஒண்ணும் பண்ணாதுல்லம்மா?"

"ஒண்ணும் ஆவாதுடி. நான் கேட்டுட்டுதான் வந்தேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். காய்த்து நின்ற கத்தரி முதற்கொண்டு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினேன். அவர் பின்னாலேயே வந்து சாக்கை விரித்துப் பிடித்தார்.

நிமிர்ந்தபோது, வயிற்றில் கைவைத்துக்கொண்டு மகள் படியில் நின்றாள்.

"ஒண்ணும் ஆவாதுன்னா, ஏம்மா எல்லாத்தையும் பிடுங்குற?"