வண்டி குளித்த தண்ணீர்

மரக்காணத்தில் உப்பு ஏற்றுகிற வண்டிக்காரர்கள் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்க மாட்டார்கள். எப்படியும் உப்பு தின்னத்தான் போகிறது என்று அடியில் வேஸ்ட் ஆயிலைப் பூசிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்கள். தட்சணாமூர்த்தி அப்படி இல்லை. லோடு இறக்கிவிட்டு வந்தால் முதலில் வண்டி குளிக்கும், அப்புறம்தான் அவர் குளிப்பார். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேசிஸில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் தண்ணீரைப் பீய்ச்சுவார். பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு தேய்த்திருக்க மாட்டார் என்று தெருவில் கேலி பேசினார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பழங்காலத்துப் பிக்கப் அது. அதோடு பிறந்த வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய், உருகி, கம்பியாகி, யார் வீட்டுத் தளத்துக்குள்ளோ அடங்கிவிட்டன. இது மட்டும் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, காலையில் நாலு முறை இருமிவிட்டு ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் விட்டதே இல்லை. பிரேக் ஷூ மாற்றுவதும், ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி கிரீஸ் வைப்பதும், டிங்கரிங்கும் எல்லாம் மரத்தடியிலேயே நடக்கும். பொருள் கிடைக்காவிட்டால் வேறு வண்டிப் பொருளை அரத்தால் ராவி, வளைத்து, அடித்து உள்ளே உட்காரவைத்துவிடுவார்.

இந்த மாசியில் அந்த வண்டிக்கு எஃப்.சி. பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் ரோட்டில் ஏறக் கூடாது. உப்பு லோடு போனால் போகிறது, வேறு யாரிடமாவது வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொள்வார். அவர் கவலை அம்சவல்லியைப் பற்றியது. பிரஷர் ஏறி அவர் மனைவிக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. ஆட்டோவில் பாதி வழி தாண்டுவதற்குள் சரிந்துவிடுவாள். மாதாமாதம் பிக்கப்பின் பின்னால் மெத்தை போட்டு, தார்ப்பாய் கட்டி, பள்ளம் பார்த்து ஊர்ந்து ஊர்ந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே உப்பை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சமையல் தட்சணாமூர்த்திதான். உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு. ஊறுகாய் ஜாடியை வண்டியின் டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. போகிற ஒவ்வொரு மாதமும் டாக்டரம்மா, வீட்டில் தெரியாமல் எதையோ தின்கிறாய் என்று அம்சவல்லியைத்தான் திட்டினார். அவள் கோணிய வாயோடு இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவாள். திரும்பி வருகிற வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இவரும் திட்டுவார். ஒரு முறை அவள் தலையணைக்கு அடியில் கைவிட்டுத் தேடினார். அவர் தேடுவதை அவள் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

அந்த வீட்டில் அவர் வண்டிக்கு அடுத்தபடியாகப் பெருமைப்பட்டது ஆழ்துளைப் போரைப் பற்றித்தான். தெருவெல்லாம் கரிப்புத் தண்ணீர் இறைத்த காலத்தில் இவர் போட்ட போரில் மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. குடத்தோடு ஜனம் வரிசையில் நின்றது. பிறகு ஒவ்வொருவராக வருவது நின்றது. பஞ்சாயத்துக் குழாய் வந்தது, கேன் தண்ணீர் வந்தது, எல்லாருக்கும் பவிசு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தபோது, எனக்கு வேண்டாம் போங்கய்யா என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

மகள் இலக்கியாவைக் கிளியனூரில் கொடுத்திருந்தது. தீபாவளிக்கு வந்தவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அப்பா, தண்ணி கரிக்குதுப்பா.”

“இந்தத் தண்ணியக் குடிச்சிதான் வளந்த. கிளியனூரு போனதும் நாக்கு மாறிடுச்சா?”

அதற்கப்புறம் அவள் வரும்போதெல்லாம் பையில் பாட்டில் கொண்டுவந்தாள். அவருக்கு அது மூக்குக்கு மேல் கோபத்தைக் கொடுத்தது. அம்மாவை ஒரு வார்த்தை கேட்டாள் இலக்கியா. அம்சவல்லிக்குக் கரிப்பு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து உப்புக் காற்றைத் தின்ற வாய்களுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற கரிப்பு எப்படித் தெரியும்?

எஃப்.சி.க்கு முன்னால் அடிப்பாகத்தில் நாலு இடம் வெல்டிங் வைத்துவிடலாம் என்று குழந்தைசாமியை வரச்சொன்னார். மருமகனுக்குத் தெரிந்த வெல்டர், அதே கிளியனூர்க்காரர். வந்ததும் தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்ததில் ஒரு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தை மரியாதையாக வேப்பமரத்துக்கு ஊற்றினார். எல்லாம் அந்த ஊர்க் கொழுப்பு என்று தட்சணாமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டார்.

குழந்தைசாமி வண்டிக்கு அடியில் போய்ச் சுத்தியலால் தட்டினார். முன்பக்கம் கணீரென்று கேட்டது. நடுவில் வந்தபோது மண்சுவரில் அடிப்பதுபோல் சத்தம் உள்ளே போய்விட்டது. இன்னும் ஒரு தட்டு. ஆயிலும் பெயிண்டும் ஏடு ஏடாகப் பெயர்ந்து, சேசிஸில் ஒரு உள்ளங்கையளவு இரும்பு தரையில் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

“லோடு உப்புதான் எறங்கியிருக்குது” என்றார் குழந்தைசாமி.

தட்சணாமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. தார்ப்பாய் விரிக்காமல் ஒரு நாளும் லோடு ஏற்றியதில்லை என்றார். வேண்டுமானால் மேல் தகட்டைப் பார்க்கச் சொன்னார். குழந்தைசாமி எழுந்து பார்த்தார். மேல் தகடு நன்றாகத்தான் இருந்தது. உப்பு உட்கார்ந்த இடம் திடமாக இருந்தது, தண்ணீர் பீய்ச்சிய இடமெல்லாம் உளுத்திருந்தது. குழந்தைசாமி போர்க் குழாய்ப் பக்கம் சுருட்டி வைத்திருந்த ஹோஸ் பைப்பைப் பார்த்தார். பிறகு செம்பைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. வெல்டிங் பிடிக்கறதுக்கு இதுல இரும்பே இல்ல. நீங்க கழுவாம வுட்டிருந்தாகூட இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.”

கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தட்சணாமூர்த்தி நம்பவில்லை. அந்த ஊர்க்காரன் நாக்கை நம்பி அவர் என்ன செய்ய? தனக்குத் தெரிந்த வழியில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். உப்பளத்தில் எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை, வெயிலில் வைத்துத்தான் பார்ப்பார்கள். மூலையில் கிடந்த பழைய ஹெட்லைட் ஓட்டின் குழிக்குள் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தது. அதில் போர்த் தண்ணீரை நிறைய ஊற்றி மதில்மேல் வைத்தார். வற்ற வற்ற மேலும் ஊற்றினார். இரண்டு நாள் வெயில் நல்ல வெயில். மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்திகளில் ஆட்கள் உப்பு வாரப் பலகை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மதிலருகே போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கறுப்புக் குழியின் ஓரம் சுற்றிலும் வெள்ளை கட்டியிருந்தது. விரலால் சுரண்டினார். நரநரவென்று வந்தது. எத்தனையோ வருடமாக அள்ளி, ஏற்றி, இறக்கின சாமான். இது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வண்டிதான் நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி நாமே அதைக் கொன்றிருக்கிறோம் என்று வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து அம்சவல்லி கூப்பிட்டாள். மாத்திரை வேளை.

“ஏங்க, தண்ணி.”

வேளைக்கு ஒரு செம்பு. தண்ணீர் நிறையக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று, வேண்டாம் வேண்டாம் என்றவளை மடியில் சாய்த்து, அவர் கையாலேயே ஊற்றிய செம்புகள். சோற்றில் ஒரு கல் உப்பு விழாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். அவள் பொய் சொல்கிறாள் என்று தலையணைக்கு அடியில் தேடியவரும் அவர்தான்.

குடத்திலிருந்த தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினார். காலிச் செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வேலம்மாளிடம் போய் நின்றார். அந்த வாசலில் அவர் எதற்கும் போய் நின்றதில்லை. குழாய்த் தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார். அவள் எதற்கென்று கேட்காமல் நிரப்பிக் கொடுத்தாள்.

அம்சவல்லியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். மாத்திரையை நாக்கில் வைத்தார்.

“நீ உப்புத் தின்னலன்னு சொன்னியே வல்லி. நெசந்தான்” என்றார்.

எத்தனையோ மாதமாக அழுது அழுது சொன்னதை இன்றைக்கு எதற்கு ஒத்துக்கொள்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். செம்பை வாயில் வைத்ததும் ஒரு மடக்கு குடித்தாள். மாத்திரை இறங்கியது. இன்னொரு மடக்கை வாயிலேயே வைத்திருந்து, முகத்தைச் சுளித்து, நல்ல கையால் செம்பைத் தள்ளினாள்.

“சப்புனு இருக்குது” என்றாள். “நம்ம தண்ணியே குடுங்க.”